முத்திரையிலிருந்து அகன்ற மலை: ஆர்மேனியர் எதைத் தாய்நாடு என்கிறார்கள்?

2025 செப்டம்பரில் ஆர்மேனிய அரசு பார்வைக்குச் சிறியதான ஒரு நிர்வாக முடிவை எடுத்தது. அந்நாட்டு விமான நிலையத்திலும் எல்லைச் சாவடிகளிலும் கடவுச்சீட்டில் குத்தப்படும் முத்திரையில் அதுவரை அராரத் மலையின் கோட்டுருவம் இருந்தது. நவம்பர் 1 முதல் அந்தப் படம் இருக்காது என்று அரசு அறிவித்தது. மாறியது அவ்வளவுதான். ஆனால் உலகெங்கும் சிதறி வாழும் ஆர்மேனியரிடையே அது பெரும் மனவேதனையைக் கிளப்பியது.

செய்தியைப் படித்தவர்கள் குழம்பியதில் வியப்பில்லை. ஏனென்றால் அந்த மலை ஆர்மேனியாவில் இல்லை, துருக்கியில் இருக்கிறது. 1921இல் கையெழுத்தான மாஸ்கோ, கார்ஸ் உடன்படிக்கைகள் அதை எல்லைக்கு அப்பால் வைத்துவிட்டன. ஆனாலும் தலைநகர் யெரெவானில் வானம் தெளிந்த நாளில் மொட்டை மாடிக்குப் போனால் 5,137 மீட்டர் உயரப் பனிமுடி கண் நிறையத் தெரியும். பிராந்திப் புட்டியில் அதன் பெயர் இருக்கிறது. 1973இல் சோவியத் கோப்பையை வென்ற கால்பந்து அணிக்கும் அதே பெயர்தான். அரசுச் சின்னத்தின் நடுவிலும் அந்த மலை, அதன் மேல் நோவாவின் பேழை.

தன் எல்லைக்குள் இல்லாத மலை ஒரு நாட்டின் சின்னமானது எப்படி? அதை முத்திரையிலிருந்து எடுத்தால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வாழ்பவர்களுக்கு ஏன் வலிக்கிறது? ‘ஆர்மேனியர்’ என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வரலாறுகள் இருப்பதைப் புரிந்துகொண்டால்தான் இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்கும்.

முதலில் சில சொற்கள்

1. ஹாய், ஹயஸ்தான்: ஆர்மேனியர் தம்மை ‘ஹாய்’ என்றும் தம் நாட்டை ‘ஹயஸ்தான்’ என்றும் சொல்வார்கள். ஹாய்க் என்ற வில்லாளியின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பது அவர்களின் தொன்மக் கதை. ‘ஆர்மேனியா’ என்பது பிறர் வைத்த பெயர். பாரசீக மன்னன் தாரயவுஷின் பெஹிஸ்துன் கல்வெட்டிலேயே, கி.மு. 520ஐ ஒட்டி, ‘அர்மினா’ என்று அது வருகிறது.

2. ஸ்பியூர்க்: சிதறல் என்று பொருள். 1915க்குப் பிறகு உருவான புலம்பெயர் சமூகத்தைப் பெரும்பாலும் இச்சொல்லால் குறிப்பார்கள். அதற்கு முன்பே வணிகத்துக்காகவும் போருக்கு அஞ்சியும் அயல்நகரங்களில் அமைந்த பழைய குடியிருப்புகளுக்கு ‘காகுத்’ என்று தனிச்சொல் உண்டு.

3. மேற்கு, கிழக்கு ஆர்மேனியர்: ஒட்டோமான் (துருக்கிய) பேரரசில் வாழ்ந்தவர்கள் மேற்கத்தியர். பாரசீக ஆட்சியிலும் பின்னர் ரஷ்ய ஆட்சியிலும் வாழ்ந்தவர்கள் கிழக்கத்தியர். இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான பிரிவினை இதுதான்.

4. மெட்ஸ் யெகெர்ன்: ‘பெருங்குற்றம்’. 1915 இனப்படுகொலைக்கு ஆர்மேனியர் சொல்லும் பெயர்.

5. ஓதார்: ஆர்மேனியர் அல்லாதவர். புலம்பெயர் வீடுகளில் கல்யாணப் பேச்சு எழும்போது தவறாமல் காதில் விழும் சொல்.

அரசு போனது, எழுத்து நின்றது

ஆர்மேனிய மன்னன் த்ரதாத் கிறித்தவத்தை அரச மதமாக ஏற்றது கி.பி. 301 என்பது மரபு. சில ஆய்வாளர்கள் அதைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் தள்ளி வைக்கிறார்கள். எப்படியானாலும் கிறித்தவத்தை அரச மதமாக்கிய முதல் நாடு தங்களுடையது என்ற பெருமை இன்றும் அவர்களிடம் உண்டு. ஆனால் அந்த அரசு நிலைக்கவில்லை. 387இல் ரோமும் பாரசீகமும் ஆர்மேனியாவைப் பங்கு போட்டுக்கொண்டன. பாரசீகப் பங்கில் மிச்சமிருந்த மன்னராட்சியும் 428இல் முடிந்தது.

இந்த இரண்டு ஆண்டுகளுக்கு நடுவில்தான், 405ஐ ஒட்டி, மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் என்ற துறவி ஆர்மேனிய மொழிக்கென 36 எழுத்துகளை உருவாக்கினார். நடுக்காலத்தில் இரண்டு சேர்ந்தன. அந்த எழுத்தில் முதன்முதலாக எழுதப்பட்டது விவிலியத்தின் நீதிமொழிகளிலிருந்து ஒரு வரி என்பார்கள்: ஞானத்தையும் போதகத்தையும் அறிவது பற்றிய வரி. அரசு உடைந்துகொண்டிருந்த வேளையில் எழுத்து பிறந்திருக்கிறது. ஆர்மேனிய வரலாற்றில் இதைவிடப் பெரிய நிகழ்ச்சி எனக்குத் தெரிய வேறில்லை. அரசன் இல்லாமலும் ஒரு சமூகம் தன்னைத் தொடர்ந்து எழுதிக்கொள்ள அது வழி செய்தது.

அடுத்தது 451. பாரசீகம் தன் மதத்தைத் திணித்தபோது வர்தான் மாமிகோனியன் தலைமையில் அவராயர் களத்தில் ஆர்மேனியர் போரிட்டுத் தோற்றார்கள். வர்தானும் களத்தில் விழுந்தார். ஆனால் எதிர்ப்பு ஓயாமல் தொடர்ந்து, 484இல் சமய உரிமை கிடைத்தது. தோற்ற அந்தப் போரைத்தான் ஆர்மேனியத் திருச்சபை ஆண்டுதோறும் திருநாளாக நினைவுகூர்கிறது. அதே 451இல் கூடிய கால்செடோன் திருச்சங்கத்தின் முடிவுகளை ஆர்மேனியத் திருச்சபை பிற்பாடு மறுத்துவிட்டது. அதனால் பைசாந்தியத்தோடும் இல்லை, ரோமோடும் இல்லை என்ற தனிநிலை அதற்கு வந்தது. கேரளத்தின் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அக்கம்பக்கத்துக் கிறித்தவர்களோடு கரைந்துபோகாமல் ஆர்மேனியரைக் காத்தது இந்த மறுப்பே.

பிறகும் அரசுகள் எழாமல் இல்லை. ஆனியைத் தலைநகராகக் கொண்ட பாக்ரதுனி அரசு 1045இல் வீழ்ந்தது. மத்தியதரைக்கடல் ஓரத்துச் சிலிசிய அரசு 1375இல் முடிந்தது. அதன் பின் 1918 வரை, ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல், சொல்லிக்கொள்ள ஓர் ஆர்மேனிய அரசு கிடையாது.

அந்தக் காலம் முழுவதும் அடையாளத்தைச் சுமந்தவை கையெழுத்துச் சுவடிகள். ஒரு சுவடியை எழுதி முடித்ததும் எழுதியவர் கடைசிப் பக்கத்தில் ‘ஹிஷதகரான்’ என்ற நினைவுக்குறிப்பை வைப்பார். குளிரில் மை உறைந்தது, ஊரில் படை புகுந்தது, யார் காசு கொடுத்து இதை எழுதச் சொன்னார்கள் என்றெல்லாம் அதில் இருக்கும். சுவடி கொள்ளை போனால் ‘சிறைபட்டது’ என்றும், பணம் கொடுத்து வாங்கினால் ‘மீட்கப்பட்டது’ என்றும் எழுதுவார்கள், மனிதரைச் சொல்வதுபோல.

இதில் ஒன்றையாவது கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். 1200 முதல் 1202 வரை தோலில் எழுதப்பட்ட மூஷ் அருளுரைத் தொகுப்பு ஏறத்தாழ 28 கிலோ எடையுள்ளது. 1915இல் மூஷ் வட்டாரம் அழிக்கப்பட்டபோது தப்பி ஓடிய இரண்டு பெண்கள், பாழடைந்த மடத்தில் அதைக் கண்டார்கள். ஒருவரால் தூக்க முடியாத கனம் என்பதால் இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி தன் பாதியை எச்மியாட்சின் தலைமைப் பேராலயம் வரை கொண்டுவந்து சேர்த்தாள். மற்றவள் எர்சுரும் அருகே ஒரு மடத்து வளாகத்தில் புதைத்துவிட்டு இறந்துபோனாள். அதுவும் பின்னர் கிடைத்தது. இரண்டு பாதிகளும் இன்று யெரெவானின் மாதெனதாரான் சுவடி நூலகத்தில் உள்ளன. ஓடும்போது உணவையும் துணியையும் விட்டுவிட்டு 14 கிலோ சுவடியைத் தூக்கியிருக்கிறார்கள். ஆர்மேனிய அடையாளம் எதில் இருந்தது என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

சென்னையில் எழுதப்பட்ட அரசமைப்பு

1604-05இல் பாரசீகத்தின் ஷா அப்பாஸ், அராஸ் ஆற்றங்கரையில் இருந்த ஜுல்ஃபா நகரத்து ஆர்மேனியரைக் கூண்டோடு பெயர்த்து இஸ்ஃபஹான் அருகே குடியமர்த்தினான். அப்படி உருவான புதிய ஜுல்ஃபாவிலிருந்து பட்டு வணிகர்கள் ஆம்ஸ்டர்டாம் முதல் மணிலா வரை பரவினார்கள். சூரத், கல்கத்தா, சென்னை ஆகியவை அந்த வலையின் முடிச்சுகள்.

சென்னை ஜார்ஜ் டவுனின் ஆர்மேனியன் தெருவைத் தமிழில் அரண்மனைக்காரன் தெரு என்கிறோம். அங்கே 1772இல் கட்டிய ஆர்மேனியத் தேவாலயம் இன்னும் நிற்கிறது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726இல் பாலம் கட்டியவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகர். பரங்கிமலைப் படிக்கட்டுகளும் அவர் கொடைதான். 1751இல் அவர் சென்னையில் இறந்தபின், உயிலின்படி அவருடைய இதயம் மட்டும் ஜுல்ஃபாவுக்குக் கொண்டுபோய்ப் புதைக்கப்பட்டதாகச் சொல்வார்கள்.

ஆனால் தேசிய அடையாளத்தின் வரலாற்றில் சென்னைக்கு உள்ள இடம் பாலத்தாலோ கோயிலாலோ வந்ததல்ல, அச்சகத்தால் வந்தது. முதல் ஆர்மேனிய நூல் 1512இல் வெனிஸிலும், முதல் ஆர்மேனிய விவிலியம் 1666இல் ஆம்ஸ்டர்டாமிலும் அச்சாயின. இரண்டுமே தாய்மண்ணுக்கு வெளியே என்பதைக் கவனிக்க வேண்டும். சென்னையில் ஷாஹாமிர் ஷாஹாமிரியன் என்ற வணிகரின் வட்டம் 1772இல் அச்சகம் தொடங்கியது. ‘நோர் தெத்ராக்’, அதாவது புதிய ஏடு, விடுதலைக்கு எழும்படி ஆர்மேனிய இளைஞரை அழைத்தது. எச்மியாட்சினில் இருந்த தலைமைக் குருவே அதைக் கண்டித்தார்.

அடுத்து வந்தது ‘வொரோகாய்த் பாராத்ஸ்’, புகழின் கண்ணி. முகப்பில் 1773 என்று இருந்தாலும் அச்சானது 1780களின் பிற்பகுதி என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு. எதிர்கால ஆர்மேனியக் குடியரசுக்கான 521 பிரிவுகள் கொண்ட அரசமைப்பு வரைவு அது. தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம் வேண்டும் என்றது. அந்நாட்டில் பிறந்தவரோ வெளியிலிருந்து வந்தவரோ, ஆர்மேனியரோ பிறரோ, ஆணோ பெண்ணோ, எல்லோரும் சமமாகவும் சுதந்திரமாகவும் வாழ்வார்கள் என்றது. அப்போது ஆர்மேனியா என்ற நாடே உலகப்படத்தில் இல்லை. இதே சென்னையில்தான் 1794இல் ஹருத்யூன் ஷ்மாவோனியன் என்ற குருவானவர் உலகின் முதல் ஆர்மேனிய இதழான ‘அஸ்தராரை’த் தொடங்கினார். 1796 வரை அது வெளிவந்தது.

நாட்டில் இருப்பவர்கள் அசல், வெளியே இருப்பவர்கள் அதன் நிழல் என்று நினைப்பது ஆர்மேனியர் விஷயத்தில் தவறு. நவீன ஆர்மேனிய அரசு என்ற கருத்துக்கு முதன்முதலாகச் சட்ட வடிவம் கொடுத்தவர்கள் வெளியே இருந்தவர்கள்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சென்னை வணிகர்களின் மூதாதையர் துயிலும் பழைய ஜுல்ஃபாவின் கல்லறை இன்று அஜர்பைஜானின் நக்சிவான் பகுதிக்குள் வருகிறது. அங்கே ஆயிரக்கணக்கில் செதுக்குச் சிலுவைக் கற்கள் நின்றன. 2005 டிசம்பரில் படையினர் அவற்றைச் சம்மட்டியால் உடைப்பது ஆற்றின் மறுகரையான ஈரானிலிருந்து படமெடுக்கப்பட்டது. இன்று அந்தக் கல்லறை இல்லை.

இரண்டு பேரரசுகள், இரண்டு மொழி வழக்குகள்

1828இல் துர்க்மென்சாய் உடன்படிக்கையால் யெரெவான் பாரசீகத்திடமிருந்து ரஷ்யாவுக்குப் போனது. அப்போதிலிருந்து கிழக்கு ஆர்மேனியரின் பண்பாட்டு நகரம் ரஷ்ய ஆட்சியின் கீழிருந்த திஃப்லிஸ் (இன்றைய திபிலிசி). மேற்கு ஆர்மேனியருக்கு அது கான்ஸ்டாண்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்). 19ஆம் நூற்றாண்டில் இரு நகரங்களிலும் தனித்தனியாக எழுத்து வழக்கு வளர்ந்தது.

வேறுபாடு வினை வடிவத்திலும் ஒலிப்பிலும் உண்டு. எழுத்து ஒன்றே. ஆனால் கிழக்கில் அதிர்வோடு ஒலிப்பதை மேற்கில் அதிர்வின்றி ஒலிப்பார்கள், மறுபுறமும் அப்படியே. எழுதிய பெயர் ஒன்றானாலும் யெரெவானில் ஒருவிதமாகவும் பெய்ரூட்டில் வேறுவிதமாகவும் கேட்கும். தமிழில் ‘கிரிகோர்’ என்று எழுதினால் இரண்டுக்கும் அதுதான், நம் எழுத்தில் அந்த வேறுபாடு விழாது. ஆர்மேனியருக்கோ, முதல் எழுத்தை உச்சரித்த உடனே எதிரில் இருப்பவரின் பாட்டன் எந்தப் பேரரசில் இருந்தான் என்பது தெரிந்துவிடும்.

ஒட்டோமான் ஆட்சி தன் குடிகளை மதவாரியாக ‘மில்லத்’ என்ற குழுக்களாகப் பிரித்து, உள்விவகாரங்களை அந்தந்தச் சமயத் தலைவரிடம் விட்டது. ஆர்மேனிய மில்லத்துக்குத் தலைவர் கான்ஸ்டாண்டிநோபிள் மறைமுதல்வர். 1863இல் அந்தச் சமூகத்துக்கென ஒரு ‘தேசிய அரசமைப்பை’ சுல்தான் ஏற்றார். சபை, பள்ளி, தேர்தல் எல்லாம் இருந்தன, அரசு மட்டும் இல்லை. பின்னாளில் அகதியாகப் போன இடமெல்லாம் ஆர்மேனியர் சட்டென்று ஒரு சமூகத்தைக் கட்டி எழுப்ப முடிந்ததற்கு இந்தப் பயிற்சி ஒரு காரணம்.

கிழக்கு மாகாணக் கிராமத்தாரின் நிலை வேறு. வரிக்கொடுமை, நிலப்பறிப்பு, தாக்குதல். 1878 பெர்லின் மாநாட்டுக்குப் போய்த் திரும்பிய குரு க்ரிமியன் ஹைரிக் ஓர் உவமை சொன்னார்: வல்லரசுகள் நடுவில் ஓர் அண்டா ஹரிசா இருந்தது (கோதுமையும் இறைச்சியும் சேர்த்து வேகவைக்கும், நம் ஹலீம் போன்ற கூழ்). பல்கேரியரும் செர்பியரும் இரும்புக் கரண்டியோடு வந்து அள்ளிப் போனார்கள். நான் கொண்டுபோனது காகிதக் கரண்டி, அது கூழிலேயே கரைந்துவிட்டது. அவர் சொன்ன காகிதம், அவர் கையில் இருந்த மனு. ஆர்மேனியப் புரட்சிக் கட்சிகள் பிறந்தது இதன் பின்னர்தான்: 1887இல் ஜெனீவாவில் ஹ்ன்சாக், 1890இல் திஃப்லிஸில் தஷ்னாக்.

1915

1894-96லும், 1909இல் அதானாவிலும் படுகொலைகள் நடந்திருந்தன. முதல் உலகப்போரின் நடுவே, 1915 ஏப்ரல் 24 இரவு, கான்ஸ்டாண்டிநோபிளில் ஆர்மேனியக் கவிஞர்களும் மருத்துவர்களும் இதழாளர்களுமாகச் சில நூறு பேர் ஒட்டோமான் அரசால் கைது செய்யப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். ஊர் ஊராக ஆண்கள் கொல்லப்பட, பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் சிரியப் பாலைவனத்தின் தேர் ஸோர் நோக்கி நடத்திச் செல்லப்பட்டார்கள். இறந்தவர்கள் 10 லட்சம் முதல் 15 லட்சம் வரை. ‘இனப்படுகொலை’ என்ற சட்டச் சொல்லை 1944இல் உருவாக்கிய ராஃபேல் லெம்கின், தன்னை அந்த எண்ணத்துக்குக் கொண்டுவந்தவற்றில் ஆர்மேனியரின் அழிவும் ஒன்று என்று கூறியிருக்கிறார். துருக்கி அரசு சாவுகளை மறுக்கவில்லை. ஆனால் அது திட்டமிட்ட இனப்படுகொலை அல்ல என்றே இன்றும் சொல்கிறது.

அடையாளத்தின் மீது இதன் விளைவுகள் மூன்று:

1. மேற்கு ஆர்மேனியா என்ற நிலப்பரப்பு ஆர்மேனியர் இல்லாததாயிற்று. வான், மூஷ், கார்பெர்ட், செபாஸ்தியா, சிலிசியா என அவர்களின் ஊர்கள் எல்லாம் துருக்கியின் ஊர்களாயின.

2. தப்பியவர்களின் தாயகம் இன்றைய ஆர்மேனியக் குடியரசின் எல்லைக்குள் இல்லை. லெபனான், பிரான்ஸ், அமெரிக்கா, அர்ஜென்டினா ஆகிய நாடுகளின் ஆர்மேனியரில் பெரும்பாலோர் இந்த மேற்கத்தியரின் பேரப்பிள்ளைகள். யெரெவானுக்குப் போவது அவர்களுக்குத் தம் ஊருக்குத் திரும்புவதாகாது.

3. நடந்ததை உலகம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற கோரிக்கையே அடையாளத்தின் ஒரு பகுதியானது. உருகுவே 1965இலும், பிரான்ஸ் 2001இலும், ஜெர்மன் நாடாளுமன்றம் 2016இலும், அமெரிக்க அதிபர் 2021இலும் இனப்படுகொலை என்ற சொல்லை ஏற்றார்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் புலம்பெயர்ந்தோரின் பல்லாண்டு உழைப்பு இருக்கிறது.

இரண்டாவது விளைவை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அராரத் முத்திரைச் சிக்கலின் வேர் அதுதான்.

ஊர்ப்பெயர்களைக் கூடவே கொண்டுபோனவர்கள்

பெய்ரூட்டின் சதுப்பு நிலத்தில் அகதிகள் போட்ட குடில்கள் பூர்ஜ் ஹம்மூத் என்ற நகரமாயின. அதன் பகுதிகளுக்கு அவர்கள் வைத்த பெயர்கள் நோர் மராஷ், நோர் அதானா, நோர் சிஸ். ‘நோர்’ என்றால் புதிய. இதையே யெரெவானுக்கு வந்த அகதிகளும் செய்தார்கள்: மலாத்தியா, செபாஸ்தியா, அரப்கிர், ஸேதுன் என்ற அந்நகரத்துப் பகுதிகளின் பெயர்களெல்லாம் இழந்த ஊர்கள்.

1915இல் மூசா மலை மீதேறி எதிர்த்து நின்று, பிரெஞ்சுக் கப்பல்களால் காப்பாற்றப்பட்ட கிராமத்தார், 1939இல் அப்பகுதி துருக்கிக்குப் போனதும் லெபனானின் அன்ஜாரில் குடியேறினார்கள். ஆறு ஊர்க்காரர்களும் ஆறு தெருக்கூட்டங்களாகப் பிரிந்து பழைய ஊர்ப்பெயர்களை வைத்துக்கொண்டார்கள். ஆண்டுதோறும் செப்டம்பரில் விறகடுப்பில் அண்டாக்களை ஏற்றி இரவெல்லாம் ஹரிசா கிண்டி, விடிந்ததும் பூசை முடித்து எல்லோருக்கும் பகிர்வார்கள். மலை மீது முற்றுகையில் இருந்த நாட்களின் உணவு அது.

இந்தச் சமூகங்களைத் தாங்கியவை பள்ளி, கோயில், கட்சி. பல அநாதைக் குழந்தைகளுக்குத் துருக்கி மொழிதான் தெரியும். விடுதிகளில்தான் அவர்கள் ஆர்மேனியம் கற்றார்கள். ஆக மேற்கு ஆர்மேனியம் பலருக்குத் தாயிடமிருந்து வராமல் வகுப்பறையிலிருந்து வந்தது. இன்று யுனெஸ்கோ அதை அழியும் ஆபத்திலுள்ள மொழிகளின் வரிசையில் வைத்திருக்கிறது.

ஒற்றுமையாகவே இருந்தார்கள் என்று சொன்னால் பொய்யாகும். சோவியத் ஆர்மேனியாவைத் தாய்நாடாக ஏற்பதா கூடாதா என்ற சண்டை சமூகத்தை இரண்டாகப் பிளந்தது. 1933 டிசம்பர் 24 அன்று நியூயார்க் தேவாலயத்தில் திருப்பலி ஊர்வலத்திலேயே பேராயர் லெவோன் தூரியன் குத்திக் கொல்லப்பட்டார். 1956இல் லெபனானின் அந்தெலியாஸில் இருந்த இன்னொரு ஆர்மேனியத் தலைமைப் பீடத்துக்கும் எச்மியாட்சினுக்கும் விரிசல் முற்றி, ஒரே ஊரில் ஒரே நம்பிக்கைக்கு இரண்டு கோயில்கள் என்ற நிலை பல இடங்களில் வந்தது.

சோவியத் ஆர்மேனியாவின் கணக்கு

1918 மே மாதம் சர்தராபாத் போரில் துருக்கியப் படையைத் தடுத்து நிறுத்தி, மே 28 அன்று முதல் குடியரசு பிறந்தது. இரண்டரை ஆண்டில் அது செம்படையின் கைக்குப் போனது. ஆனாலும் சோவியத் ஆட்சியில்தான் யெரெவான் தூசி படிந்த சிற்றூர் நிலையிலிருந்து தலைநகராக வளர்ந்தது. பல்கலைக்கழகம், சுவடி நூலகம், இசைநாடக அரங்கு எல்லாம் ஆர்மேனிய மொழியில் இயங்கின. 1922இல் எழுத்துமுறை சீர்திருத்தப்பட்டது. புலம்பெயர்ந்தோர் அதை ஏற்கவில்லை, இன்றுவரை பழைய முறையில்தான் எழுதுகிறார்கள். பேச்சு வழக்கோடு எழுத்துமுறையும் பிரிந்தது அப்போதுதான்.

இரு பகுதியினரும் நேருக்கு நேர் சந்தித்த பெரிய தருணம் 1946-48. ஸ்டாலின் அழைப்பை நம்பி சிரியா, லெபனான், கிரேக்கம், ஈரான், பிரான்ஸ் முதலிய நாடுகளிலிருந்து ஏறத்தாழ 90,000 பேர் ‘தாயகம்’ திரும்பினார்கள். வந்து பார்த்தால் ரொட்டிக்கு வரிசை, வீட்டுக்குப் பஞ்சம், வாயைத் திறந்தால் ஆபத்து. ‘அண்ணே’ என்று அவர்கள் மேற்கத்திய ஒலிப்பில் கூப்பிட்ட ‘அக்பார்’ என்ற சொல்லையே உள்ளூர்க்காரர்கள் அவர்களுக்குக் கேலிப்பெயராக்கினார்கள். 1949 ஜூனில் அவர்களில் பலர் குடும்பத்தோடு சைபீரியாவின் அல்தாய்க்கு நாடு கடத்தப்பட்டார்கள். சகோதரன் என்ற சொல் வசைச்சொல்லானது எனக்கு ஆறாத வலி தருகிறது.

1965 ஏப்ரல் 24 வேறு திசையில் திரும்பியது. இனப்படுகொலையின் 50ஆம் ஆண்டில் யெரெவான் தெருக்களில் பெருந்திரள் இறங்கி, இழந்த நிலங்களைப் பற்றி முழங்கியது. சோவியத் நாட்டில் அப்படி ஒரு கூட்டம் நினைத்துப் பார்க்க முடியாதது. மாஸ்கோ விட்டுக்கொடுத்தது. 1967இல் ட்சிட்சர்னகாபெர்ட் குன்றில் நினைவகம் எழுந்தது. மேற்கத்தியரின் துயரம் கிழக்கத்தியரின் அரசு நினைவாகவும் ஆனது.

கராபாக்: ஒன்று சேர்த்ததும் பிரித்ததும்

1988 பிப்ரவரியில், சோவியத் அஜர்பைஜானுக்குள் ஆர்மேனியர் பெரும்பான்மையாக வாழ்ந்த நகோர்னோ-கராபாக் ஆர்மேனியாவுடன் இணையக் கோரியது. ஆர்மேனியர் அதை ஆர்ட்சாக் என்பார்கள். அதே ஆண்டு டிசம்பர் 7இல் ஸ்பிதாக் நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 25,000 பேர் இறந்தார்கள். இரண்டும் சேர்ந்து உலகெங்கும் உள்ள ஆர்மேனியரை ஒரே இடத்தை நோக்கித் திருப்பின. 1991 செப்டம்பர் 21 வாக்கெடுப்பில் விடுதலை. கராபாக்குக்காக அஜர்பைஜானோடு மூண்ட போர் 1994 போர்நிறுத்தத்தில் நின்றபோது கராபாக்கும் சுற்று மாவட்டங்களும் ஆர்மேனியர் வசம். அங்கிருந்து வெளியேற்றப்பட்ட லட்சக்கணக்கான அஜர்பைஜானியரின் துயரமும் உண்மையானது, அதை மறைத்து இந்த வரலாற்றை எழுதக் கூடாது.

பல நூற்றாண்டுக்குப் பின் கிடைத்த வெற்றி என்று புலம்பெயர்ந்தோர் அதைக் கொண்டாடினார்கள். பணம் வந்தது, சாலை போடப்பட்டது. நாட்டுக்குள் இருந்தவர்களோ மூடிய எல்லைகளோடும் வேலையின்மையோடும் வாழ்ந்தார்கள். பல லட்சம் பேர் ரஷ்யாவுக்கு வேலை தேடிப் போனார்கள். மிகப் பெரிய ஆர்மேனியப் புலம்பெயர் சமூகம் இன்று அங்கேதான். இவர்கள் 1915இன் பிள்ளைகள் அல்லர், ஊரில் வீடும் வாசலும் உள்ள கிழக்கத்தியர்.

2020இன் 44 நாள் போரில் அந்த நிலத்தின் பெரும்பகுதி அஜர்பைஜானிடம் பறிபோனது. 2023 செப்டம்பர் 19-20இல் எஞ்சியதும் போய், ஒரு சில நாட்களில் 1,00,000க்கும் மேற்பட்டோர் லச்சின் சாலை வழியே வெளியேறினார்கள். தங்கள் குடும்பக் கதையில் மட்டும் கேட்டிருந்த காட்சியை, வாகனங்களில் மூட்டை கட்டிய வரிசையாக, ஆர்மேனியர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள்.

இன்றைய சர்ச்சையின் உட்பொருள்

பிரதமர் நிகோல் பாஷின்யான் முன்வைக்கும் கொள்கைக்கு ‘உண்மை ஆர்மேனியா’ என்று பெயர். ‘வரலாற்று ஆர்மேனியா’ வேறு, உலகம் ஏற்ற 29,743 சதுர கிலோமீட்டர் நாடு வேறு, காக்க வேண்டியது இரண்டாவதையே என்கிறார். அதன் தர்க்கம்:

1. சின்னங்களிலும் சட்டத்திலும் எல்லை தாண்டிய நிலத்தைச் சொல்லிக்கொண்டிருந்தால், அண்டை நாடுகளுக்கு அது படையெடுப்பின் சாக்காகும்.

2. அரசமைப்பின் முகவுரை 1990 விடுதலைப் பிரகடனத்தைச் சுட்டுகிறது. அந்தப் பிரகடனமோ கராபாக் இணைப்புத் தீர்மானத்தைச் சுட்டுகிறது. இது மாறினால்தான் கையெழுத்து என்கிறது அஜர்பைஜான். 2025 ஆகஸ்ட் 8இல் வாஷிங்டனில் அமைதி ஒப்பந்தத்தில் முன்கையொப்பம் மட்டுமே ஆனது.

3. 1993 முதல் மூடிக் கிடக்கும் துருக்கி எல்லை திறந்தால்தான் நாடு மூச்சு விட முடியும்.

ஏறத்தாழ 30 லட்சம் மக்கள் உள்ள, இரண்டு முறை தோற்ற ஒரு நாட்டின் தலைவர் இப்படிக் கணக்குப் போடுவதைக் குறை சொல்வது எளிதல்ல. பிள்ளைகளைப் போருக்கு அனுப்ப வேண்டியவர்கள் யெரெவானிலும் க்யும்ரியிலும் இருக்கிறார்கள், கலிஃபோர்னியாவில் அல்ல.

ஆனால் மறுதரப்பின் வாதத்தில் பாதிதான் பெரும்பாலும் செய்திகளில் வருகிறது. புலம்பெயர்ந்தோர் நிலத்தைத் திரும்பக் கேட்கிறார்கள் என்று சுருக்கிவிடுகிறார்கள். அவர்களில் மிகப் பலருக்கு அராரத் நிலக்கோரிக்கை அல்ல. பாட்டி பிறந்த ஊர் இருந்த பக்கத்தை விரல் நீட்டிக் காட்ட எஞ்சியிருக்கும் ஒரே அடையாளம். வரலாற்று ஆர்மேனியாவை ஒதுக்கிவிட்டால் குடியரசுக்கு 29,743 சதுர கிலோமீட்டர் மிஞ்சும், அவர்களுக்கு எதுவும் மிஞ்சாது. ‘உண்மை’ என்ற சொல்லே அவர்களைச் சுடுகிறது, அப்படியென்றால் தங்களுடையது பொய்யா என்ற கேள்வி எழுவதால்.

இந்த இருதரப்புக் கணக்கில் அடங்காதவர்களும் உண்டு. இஸ்தான்புல்லில் இன்றும் பல்லாயிரம் ஆர்மேனியர் வாழ்கிறார்கள். அவர்கள் எங்கும் சிதறிப் போகவில்லை, தங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். துருக்கி மொழியிலும் ஆர்மேனியத்திலும் வந்த ‘அகோஸ்’ வார இதழை நிறுவிய ஹ்ராந்த் திங்க், இனப்படுகொலையைத் துருக்கிச் சமூகத்துக்குள்ளிருந்தே பேச முயன்றவர். 2007 ஜனவரி 19இல் இதழின் அலுவலக வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் இறுதி ஊர்வலத்தில் லட்சம் பேர் ‘நாம் எல்லோரும் ஆர்மேனியர்’ என்ற பதாகைகளோடு நடந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் துருக்கியர்.

முத்திரையை மாற்ற ஓர் அரசாணை போதும். அரசுச் சின்னத்தை அப்படி மாற்ற முடியாது, அதில் அராரத் இருக்க வேண்டும் என்று அரசமைப்பே வரையறுத்திருக்கிறது. ஆர்மேனியக் குடிமகனின் கடவுச்சீட்டு அட்டையில் அந்தச் சின்னம், அதன் நடுவே மலை, இப்போதும் இருக்கிறது. பிரெஞ்சு, அமெரிக்க, லெபனான் கடவுச்சீட்டோடு விமான நிலையத்தில் வந்து நிற்கும் ஆர்மேனியரின் அட்டையில் வேறு நாட்டின் சின்னம் இருக்கும். அவருக்கு ஆர்மேனிய அரசு தன் கையால் பதித்துத் தந்த மலை அந்த முத்திரையில் மட்டும்தான் இருந்தது.